காப்பும் மீட்பும்

நுழையும்முன்

ஏடுகள் செல்லரித்துச் சிதையும்முன் அவற்றைப் புதிய ஏடுகளில் படியெடுத்துக் காத்தது தமிழ் மரபு. ஒரே படியாக ஓரிடத்தில் மட்டும் இருந்த நூல், அந்த ஏடு அழிந்தபோது தானும் அழிந்தது. பல ஊர்களில் பல படிகளாக இருந்த நூல்கள் பிழைத்து, பின்னர் அச்சேறின. இன்று எழுத்து ஏட்டிலிருந்து கணினிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. தேர்வு முடிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு என வாழ்வின் பதிவுகள் பலவும் இணையச் சேவையகங்களில் உறைகின்றன. அவற்றைக் காக்கும் படியெடுப்பை எவ்வாறு திட்டமிடுவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு நள்ளிரவுக் கட்டளை

2017ஆம் ஆண்டு சனவரி 31. உலக ஒருங்கிணைந்த நேரப்படி இரவு 11 மணி கடந்திருந்தது. 'கிட்லேப்' என்னும் இணையச் சேவையில் பொறியாளர் ஒருவர் நீண்ட நேரமாகப் பழுதுநீக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து, கூட்டாகப் பணியாற்றுவதற்கான சேவை அது. அதன் தரவுத்தளம் இரண்டு கணினிகளில் இருந்தது. ஒன்று முதன்மைச் சேவையகம். மற்றொன்று அதனை நொடிக்கு நொடி பின்பற்றும் துணைச் சேவையகம். அன்று பணிச்சுமை மிகுந்ததால் துணைச் சேவையகம் பின்தங்கி, இறுதியில் இணைப்பே அறுந்துபோனது. அதனை மீண்டும் ஒத்திசைக்க வேண்டுமாயின் அதிலுள்ள பழைய தரவுக் கோப்புறையை முதலில் வெறுமையாக்க வேண்டும். பொறியாளர் அழிக்கும் கட்டளையை இட்டார்.

ஓரிரு நொடிகளில் அவருக்கு உண்மை புலப்பட்டது. கட்டளை இடப்பட்டது துணைச் சேவையகத்தில் அன்று, முதன்மைச் சேவையகத்தில். உடனே நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் அளவிலான தரவில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது.

இத்தகைய பிழை எவருக்கும் நேரக்கூடியது. இரண்டு சாளரங்கள் ஒன்றுபோலத் தோன்றும் திரையில், களைத்த கண்கள் இடம் மாறிப் பார்ப்பது இயல்பே. காப்புப்படிகள் செம்மையாக இருந்திருப்பின் அது சில மணி நேரத் தொல்லையோடு முடிந்திருக்கும். அவ்வாறு முடியவில்லை என்பதே இந்நிகழ்வு கற்பிக்கும் பாடம்.

இருந்தும் இல்லாத படிகள்

கிட்லேப் நிறுவனம் காப்பைப் புறக்கணித்த நிறுவனம் அன்று. அங்குப் பலவகை ஏற்பாடுகள் இருந்தன. அன்றிரவு அவை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப்பட்டன.

முதலாவது, துணைச் சேவையகம். ஒத்திசைவுப் பணிக்காக அதன் தரவு முன்னரே அழிக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது, நாள்தோறும் தரவுத்தளத்தைப் படியெடுத்து வெளிச்சேமிப்பகத்திற்கு அனுப்பும் ஏற்பாடு. சேமிப்பகத்தைத் திறந்தபோது அங்கு ஒரு படியும் இல்லை. தரவுத்தளம் 9.6 என்னும் பதிப்பில் இயங்கியது. படியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக இயங்கியது. பதிப்புகள் பொருந்தாமையால் கருவி ஒவ்வொரு முறையும் பிழையுடன் நின்றுபோனது. அதனைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன. ஆயினும், அனுப்புநரின் மெய்ம்மையைச் சோதிக்கும் மின்னஞ்சல் பாதுகாப்பு முறை அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. எனவே, தோல்வியை எவரும் அறியவில்லை.

மூன்றாவது, வட்டின் நிலையை அப்படியே பதியும் 'நொடிப்படம்' என்னும் மேகக்கணினி வசதி. அது கோப்புச் சேவையகங்களுக்கு இயக்கப்பட்டிருந்தது. தரவுத்தளச் சேவையகங்களுக்கு இயக்கப்படவில்லை.

நான்காவது, சோதனைக் கணினிக்காக 24 மணி நேரத்திற்கு ஒருமுறை எடுக்கப்படும் மற்றொரு வகை நொடிப்படம். விபத்து நிகழ்வதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன், வேறொரு சோதனையின் பொருட்டு, பொறியாளர் ஒருவர் அதனைக் கைப்பட எடுத்திருந்தார். அந்த ஒன்றே கைகொடுத்தது. அது காப்புக்கென எடுக்கப்பட்ட படியும் அன்று.

மெதுவாக இயங்கும் சோதனை வட்டிலிருந்து தரவை முதன்மைச் சேவையகத்திற்கு மாற்றிச் சேவையை மீண்டும் தொடங்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. பயனர்களின் நிரல் களஞ்சியங்கள் தப்பின. எனினும், இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் உருவான ஏறத்தாழ 5,000 திட்டப் பதிவுகள், 5,000 கருத்துரைகள், 700 பயனர் கணக்குகள் ஆகியன பாதிக்கப்பட்டதாக நிறுவனம் மதிப்பிட்டது. மீட்புப் பணியை இணையத்தில் நேரலையாகவே காட்டி, நிகழ்ந்தவற்றை மறைக்காமல் அந்நிறுவனம் அறிக்கையாகவும் வெளியிட்டது. அதனாலேயே உலகெங்கும் உள்ள கணினிப் பணியாளர் இந்நிகழ்விலிருந்து கற்க முடிகிறது.

சேவையகத்தின் இரு கூறுகள்

காப்புத் திட்டம் வகுப்போர் முதலில் தெளிய வேண்டுவது, எதனைக் காக்கிறோம் என்பதே. இணையச் சேவையகத்தில் இரு கூறுகள் உள்ளன.

ஒன்று, அமைப்பு. இயக்க அமைப்பு, வலைப்பக்கங்களை வழங்கும் மென்பொருள், அதன் அமைவுக் கோப்புகள், பாதுகாப்புச் சான்றிதழ்கள், பயனர்களின் அணுக்க உரிமைகள், குறித்த நேரத்தில் தாமாக இயங்கும் பணிகளின் பட்டியல் ஆகியன இதில் அடங்கும். இவை அரிதாகவே மாறுபவை.

மற்றொன்று, தரவு. தரவுத்தளத்தின் அட்டவணைகளும் பயனர்கள் பதிவேற்றும் படங்களும் ஆவணங்களும் இதில் அடங்கும். இவை நிமிடந்தோறும் மாறுபவை.

வீட்டோடு ஒப்பிட்டால், அமைப்பு என்பது கட்டடம். தரவு என்பது அதில் வாழ்வோரின் உடைமை. கட்டடத்தை வரைபடம் கொண்டு மீண்டும் எழுப்பலாம். தொலைந்த குடும்பப் புகைப்படத்தை மீண்டும் எடுக்க இயலாது. எனினும், வரைபடம் இல்லாவிடில் கட்டடம் எழுப்பவும் பல நாள் ஆகும். ஆகவே, இரண்டுக்கும் காப்பு வேண்டும். அவற்றுக்குரிய கால அளவுகள் வேறு வேறு.

முழு அமைப்புப் படியைச் சேவையகம் நிறுவப்பட்டவுடன் ஒருமுறையும், பின்னர் மாதம் ஒருமுறையும், மென்பொருளைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும் ஒவ்வொரு முறைக்கும் முன்னரும் எடுப்பது நன்று. தரவுப்படியை நாள்தோறும் எடுத்தல் வேண்டும்.

இரண்டு வினாக்கள்

திட்டத்தின் அளவை இரண்டு வினாக்கள் முடிவு செய்கின்றன.

'எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் பொறுத்துக்கொள்ள முடியும்?' என்பது முதல் வினா. இதன் விடை இழப்பு எல்லை எனப்படும். இரவுக்கு ஒருமுறை படியெடுத்தால் இழப்பு எல்லை ஏறத்தாழ 24 மணி நேரம். பள்ளி ஒன்றின் அறிவிப்புப் பக்கத்திற்கு அது போதும். பணப் பரிமாற்றம் நிகழும் தளத்திற்குப் போதாது. அங்கு இரவுப்படியுடன், மாற்றங்களை உடனுக்குடன் பதியும் குறிப்பேட்டையும் சேர்த்துக் காக்க வேண்டும்.

'எவ்வளவு நேரத்திற்குள் சேவை மீள வேண்டும்?' என்பது இரண்டாம் வினா. இதன் விடை மீட்பு எல்லை எனப்படும். இதனைக் கணக்கிட்டே அறிய வேண்டும். விநாடிக்கு 60 மெகாபிட் வேகமுள்ள வழியில் 300 ஜிகாபைட் தரவை மாற்றுவதாகக் கொள்வோம். ஒரு பைட் என்பது எட்டுப் பிட். எனவே, மொத்தம் 24,00,000 மெகாபிட். அதனை 60ஆல் வகுத்தால் 40,000 விநாடிகள். அதாவது, 11 மணி நேரத்திற்கும் மேல். படி செம்மையாக இருந்தாலும் அது வந்து சேரும் வரை சேவை முடங்கியே கிடக்கும். இரண்டு மணி நேரத்தில் மீள வேண்டிய சேவைக்கு இத்தகைய வழி பயன்படாது.

இரவில் நிகழ்வது என்ன?

பயனர் வருகை குறைந்திருப்பதால் படியெடுப்புக்கு இரவு உகந்த நேரமாகிறது. லினக்ஸ் சேவையகங்களில் 'கிரான்' என்னும் கால அட்டவணைக் கருவி, குறித்த நேரத்தில் பணிகளைத் தொடங்கி வைக்கும். பணிகளின் வரிசையும் முக்கியமானது.

முதலில் தரவுத்தளம் படியெடுக்கப்படும். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பது தவறு. எழுத்தர் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் பேரேட்டைப் பக்கம் பக்கமாக ஒளிநகல் எடுத்தால், முற்பக்கத்தில் பழைய கணக்கும் பிற்பக்கத்தில் புதிய கணக்கும் பதிவாகிக் கூட்டுத்தொகை பொருந்தாமல் போகும். இங்கும் அவ்வாறே நிகழும். எனவே, ஒரு குறிப்பிட்ட கணத்தின் நிலையை முரணின்றி எடுத்துத் தரும் கருவிகளையே பயன்படுத்த வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திற்குப் 'பிஜி டம்ப்', மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திற்கு 'மைஎஸ்க்யூஎல் டம்ப்' ஆகியன அத்தகையவை.

அடுத்து, பதிவேற்றப்பட்ட கோப்புகள் படியெடுக்கப்படும். தரவுத்தளத்தில் பதிவாகியுள்ள ஒவ்வொரு படமும் கோப்புறையில் இருத்தல் வேண்டும். கோப்புகளைப் பின்னர் எடுத்தால், இடையில் வந்த சில படங்கள் கூடுதலாக இருக்கும், அதனால் தீங்கில்லை. முன்னர் எடுத்தால், பதிவு இருந்தும் படம் இல்லாத நிலை தோன்றும்.

பின்னர், படிகள் சுருக்கப்பட்டு, மறையாக்கம் செய்யப்பட்டு, வேறிடத்திற்கு அனுப்பப்படும். மறையாக்கத்தைத் திறக்கும் திறவுகோலைச் சேவையகத்தில் மட்டும் வைத்திருத்தல் கூடாது. சேவையகம் அழிந்தால் திறவுகோலும் அழியும். அதன்பின் பூட்டிய பெட்டிதான் எஞ்சும்.

முழுப்படி, வளர்படி, வேறுபாட்டுப்படி

நாள்தோறும் அனைத்தையும் எடுப்பது முழுப்படி. முந்தைய படிக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுப்பது வளர்படி. கடைசி முழுப்படிக்குப் பின் மாறிய அனைத்தையும் எடுப்பது வேறுபாட்டுப்படி.

தரவு 100 ஜிகாபைட் எனவும், நாளொன்றுக்குப் புதிதாக மாறுவது 2 ஜிகாபைட் எனவும் கொள்வோம். ஏழு நாளும் முழுப்படி எடுத்தால் வாரத்திற்கு 700 ஜிகாபைட் இடம் வேண்டும். ஞாயிறன்று முழுப்படியும் மற்ற ஆறு நாள்களில் வளர்படியும் எடுத்தால் 112 ஜிகாபைட் போதும். வளர்படிக்கு மாறாக வேறுபாட்டுப்படி எடுத்தால் அது நாளுக்கு நாள் பெருகி, வாரத்திற்கு 142 ஜிகாபைட் ஆகும்.

இடத்தை மட்டும் கருதினால் வளர்படியே சிறந்தது. ஆனால், சனிக்கிழமைப் படியை எடுத்த பின் விபத்து நேர்ந்தால், வளர்படி முறையில் முழுப்படியையும் ஆறு வளர்படிகளையும் வரிசையாகச் சேர்க்க வேண்டும். இடையில் ஒரு கண்ணி பழுதுபட்டாலும் அதற்குப் பிந்தையவை பயனற்றுப்போகும். வேறுபாட்டு முறையில் முழுப்படியும் சனிக்கிழமைப் படியும் ஆகிய இரண்டே போதும். சேமிப்பின் சிக்கனத்தையும் மீட்பின் எளிமையையும் சீர்தூக்கியே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தெரியுமா?

1998ஆம் ஆண்டு, பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' என்னும் அசைவூட்டத் திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றால் அதன் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. நிறுவனத்தின் காப்புப்படிகளும் முறையாக இயங்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சுஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த படியே மீட்புக்கு உதவியது. படம் 1999இல் வெளியானது.

எங்கே வைப்பது?

2021ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 'ஓவிஎச்கிளவுட்' நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பற்றியது. ஐந்து தளக் கட்டடம் ஒன்று முற்றிலும் அழிந்தது. அடுத்த கட்டடத்தின் ஒரு பகுதியும் சேதமுற்றது. தம் படியை வேறு ஊரில் வைத்திருந்தோர் மீண்டனர். சேவையகமும் காப்புப்படியும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருசேர இழந்தனர்.

இத்தகைய இழப்பைத் தவிர்க்க, மூன்று–இரண்டு–ஒன்று என்னும் விதி கூறப்படுகிறது. பீட்டர் குரோக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞரால் பரவலான விதி இது. மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சேமிப்புக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும்.

ஒரே கணினியில் இரண்டு வட்டுகளை இணைத்து ஒன்றன் பிம்பமாக மற்றொன்றை வைப்பது காப்புப்படி ஆகாது. ஒரு வட்டு பழுதானால் அது உதவும். ஆனால், முதல் வட்டில் ஒரு கோப்பை அழித்தால் இரண்டாவது வட்டிலும் அக்கணமே அது அழியும். கண்ணாடியில் தெரியும் உருவம் தனி ஆள் ஆகாததைப் போன்றது இது. துணைச் சேவையகத்திற்கும் இது பொருந்தும்.

பிணைத்தொகை கேட்டுத் தரவை முடக்கும் தீநிரல்கள் காப்புப்படிகளையும் தேடி அழிக்க முயல்கின்றன. எனவே, சேவையகத்திற்குப் படிகளை அழிக்கும் உரிமை இருத்தல் கூடாது. காப்புக் கணினியே சேவையகத்தை அணுகிப் படியை எடுத்துச் செல்லுமாறு அமைப்பது பாதுகாப்பானது. ஒரு படியையாவது வலையிணைப்பு இல்லாத கருவியில் வைத்திருப்பது மேலும் நன்று.

எத்தனை நாள் வைப்பது?

எல்லா இழப்பும் அன்றே தெரிவதில்லை. மூன்று வாரங்களுக்கு முன் சிதைந்த அட்டவணை ஒன்று இன்றுதான் கண்ணில் படலாம். நேற்றைய படி மட்டுமே இருந்தால், அதிலும் அச்சிதைவே பதிவாகியிருக்கும். இதனால் தலைமுறை முறை பின்பற்றப்படுகிறது. ஏழு இரவுப்படிகள் மகன் எனவும், நான்கு வாரப்படிகள் தந்தை எனவும், பன்னிரண்டு மாதப்படிகள் பாட்டன் எனவும் வழங்கும். 23 படிகளைக் கொண்டே ஓராண்டுக் காலத்திற்குப் பின்னோக்கிச் செல்ல முடிகிறது.

மீட்டுப் பார்த்தல்

கிட்லேப் நிகழ்வில் படியெடுக்கும் கருவி இருந்தது; கால அட்டவணை இருந்தது; சேமிப்பிடமும் இருந்தது. அங்கு இல்லாதது ஒன்றே: எவரும் அப்படியிலிருந்து மீட்டுப் பார்க்கவில்லை.

பழுது நேர்ந்தால் செய்தி வரும் என்று காத்திருப்பது போதாது. அச்செய்தியே வராமல் போகலாம். ஒவ்வொரு நாளும் 'படி எடுக்கப்பட்டது. அதன் அளவு இவ்வளவு' என்னும் செய்தி வருதல் வேண்டும். அது வராத நாளைப் பழுதுற்ற நாளாகக் கொண்டு ஆராய வேண்டும். நேற்று 40 ஜிகாபைட் இருந்த படி இன்று சில கிலோபைட்டாகச் சுருங்கினாலும் ஐயுற வேண்டும்.

இவற்றினும் மேலான சோதனை, மாதம் ஒருமுறையேனும் வேறொரு கணினியில் முழு அமைப்பையும் நிறுவி, இரவுப்படியிலிருந்து தரவை ஏற்றிப் பார்ப்பதாகும். பக்கங்கள் திறக்கின்றனவா, நேற்றுப் பதிந்த கடைசிப் பதிவு உள்ளதா, மொத்தம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவற்றைக் குறித்து வைக்க வேண்டும். செய்முறை முழுவதையும் படிப்படியாக எழுதி, சேவையகத்திற்கு வெளியே வைக்க வேண்டும். திட்டத்தை வகுத்தவர் விடுப்பில் இருக்கும் நாளிலும், அதனைப் படித்து மற்றொருவர் மீட்கக் கூடியதாக அது அமைதல் வேண்டும்.

ஏடு படியெடுத்தோர் மூலத்தோடு படியை ஒப்புநோக்கித் திருத்தினர். உ.வே.சாமிநாதையர் முதலான பதிப்பாசிரியர்களும் பல படிகளை ஒப்பிட்டே நூல்களை மீட்டெடுத்தனர். கணினிக் காலத்தில் ஒப்புநோக்கலின் இடத்தை மீட்டுப் பார்த்தல் பெற்றுள்ளது. மீட்டுப் பார்க்கப்படாத படி, படி உண்டு என்னும் நம்பிக்கை மட்டுமே.

சேவையகத்தில் இருப்பவை வெறும் எண்களும் எழுத்துகளும் அல்ல. யாரோ ஒருவர் இரவெல்லாம் எழுதிய நிரலும், ஒரு மாணவர் பதிவேற்றிய விண்ணப்பமும், ஒரு நோயாளியின் ஆய்வு முடிவும் அவற்றில் அடங்கும். அவர்கள் காப்புப்படி குறித்து எதுவும் அறியார். தம் உழைப்பு அங்கே இருக்கும் என்று நம்பி உறங்கச் செல்கின்றனர். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பேற்பதே காப்புத் திட்டத்தின் நோக்கம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் உள்ள கோப்புகளை 'அமைப்பு', 'தரவு' என இரு பட்டியல்களாக வகைப்படுத்துக.

2. தரவு 50 ஜிகாபைட். நாள்தோறும் மாறுவது 1 ஜிகாபைட். ஒரு வாரத்திற்கு மூவகைப் படிகளுக்கும் வேண்டிய இடத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுக.

3. உங்கள் வீட்டில் உள்ள புகைப்படங்களுக்கு மூன்று–இரண்டு–ஒன்று விதிப்படி ஒரு காப்புத் திட்டம் வகுக்க. அதிலிருந்து ஒரு படத்தை மீட்டுப் பார்த்து, நேர்ந்த இடர்ப்பாடுகளைப் பத்து வரிகளில் எழுதுக.

4. 'பிழை செய்த தனிமனிதரைக் குறைகூறுவதைவிட, பிழையைத் தாங்கும் ஏற்பாட்டைச் செய்வதே தேவை' – கிட்லேப் நிகழ்வை முன்வைத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.